கோயம்பேடு நிலம் யாருக்கு?

ஜவ்வாது மலைக்காரர் வந்து இறங்கும் நிலையம் இடம் மாறிக்கொண்டே போகிறது. அவர் விட்டுப்போகும் 36 ஏக்கரில் அடுத்து எழப்போவது என்ன?

ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, போளூரில் மாறி, ஆரணி, ஆற்காடு, பூந்தமல்லி வழியாக வந்து சேரும் ஒருவருக்குச் சென்னை முதலில் ஒரு பேருந்து நிலையமாகத்தான் அறிமுகமாகிறது. மெரினாவும் எல்.ஐ.சி. கட்டடமும் அப்புறம். விடிவதற்கு முன் இறங்குகிறவருக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: முகம் கழுவ ஒரு குழாய், பையைத் தலைக்கு வைத்துச் சாயத் துடைத்த தரை, மேஸ்திரி வந்து கூட்டிப்போகிற வரை விரட்டாத காவலாளி. தாத்தா காலத்தில் அந்த இடம் பிராட்வே. அப்பா காலத்தில் கோயம்பேடு. இன்றைக்கு அவர் எந்த வழியில் வருகிறார் என்பதைப் பொறுத்தது. செஞ்சி, திண்டிவனம் வழியாக வந்தால் நகரத்துக்கு வெளியே, வண்டலூரைத் தாண்டி, கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். பூந்தமல்லி வழியாக வரும் பேருந்துகளுக்கென்று குத்தம்பாக்கத்திலும் ஒரு நிலையம் எழுப்பப்பட்டிருக்கிறது. எல்லாம் அங்கே போய்ச் சேரும்போது, கோயம்பேட்டின் 36 ஏக்கரில் வெளியூர்ப் பேருந்து என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது.

அந்த 36 ஏக்கரை என்ன செய்வது என்ற பேச்சு, கிளாம்பாக்கம் நிலையம் திறந்த 2023 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. பெரிய வணிக வளாகம் வரப்போகிறது என்று ஒரு தகவல் காட்டுத்தீயாகப் பரவியது. அரசு அதை மறுத்தது. மக்களுக்குப் பூங்கா வேண்டும் என்று பா.ம.க. தலைவர் அன்புமணி ராமதாஸ் கோரினார். ஆய்வு செய்து முடிவெடுப்போம் என்றது நிலத்தின் உரிமையாளரான சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் இதைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் சென்னைக்காரர்கள். அரும்பாக்கத்திலும் விருகம்பாக்கத்திலும் குடியிருப்பவர்களுக்கு இதில் கருத்துச் சொல்ல முழு உரிமை உண்டு. ஆனால் அந்த நிலையம் கட்டப்பட்டது அவர்களுக்காக மட்டும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே வந்து இறங்கிய வெளியூர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. எனவே அவர்களில் மிகத் தொலைவிலும், மிகக் குறைந்த வருமானத்திலும் இருப்பவரின் பக்கமிருந்து இந்தக் கேள்வியைப் பார்ப்போம்.

ஆட்டப்பள்ளத்தில் தொடங்கிய பயணம்

சென்னையின் பழைய வெளியூர்ப் பேருந்து நிலையம் நின்ற பிராட்வே, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் உருவாக்கிய வீதி. முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவில் ஆட்டப்பள்ளம் என்ற தாழ்வான இடத்தில் கழிவுநீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மேடாக்கித்தான் வீதி போட்டார்கள். இப்போது அதன் பெயர் பிரகாசம் சாலை. அதன் தென்கோடியில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, 1960களில் வெளியூர்ப் பேருந்து நிலையம் நிலைகொண்டது. துறைமுகம் பக்கம், கொத்தவால்சாவடி பக்கம், கோர்ட் எதிரில், கடற்கரை ரயில் நிலையம் நடந்துபோகும் தூரம். கிராமத்திலிருந்து வருகிறவருக்கு நகரத்தில் வேலை இருந்த இடமும் பஸ் நின்ற இடமும் ஒன்றாகவே இருந்தன. மூட்டை தூக்குவதற்கு வந்தவர் இறங்கிய இடத்திலேயே மூட்டை தூக்கலாம்.

அரசுப் பேருந்தின் வரலாறும் இந்தக் காலத்தோடு ஒட்டியது. சென்னை நகரப் பேருந்துகள் 1947இலேயே அரசின் கைக்கு வந்துவிட்டன. 1967க்குப் பிறகு தி.மு.க. ஆட்சி வெளியூர் வழித்தடங்களையும் படிப்படியாக நாட்டுடைமையாக்கியது. 1972 ஜனவரி 1ஆம் தேதி பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அடுத்து சேரன், சோழன். 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். 1982இல் வேலூரில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம். ஜவ்வாது மலை பல திசைகளில் விரிந்து கிடப்பதால் இந்த இரண்டு கழகங்களின் பெயர் தாங்கிய பேருந்துகளும் அங்கே ஏறின. தனியார் முதலாளிக்கு லாபம் தராத தடத்திலும் பஸ் ஓட வேண்டும் என்பதுதான் நாட்டுடைமைக்குச் சொல்லப்பட்ட நியாயம். மலைக்கிராமத்துக்கு வண்டி ஏறியதற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசப் பாஸ் கிடைத்ததற்கும் அந்த முடிவே காரணம். இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

1997இல் சாதி மோதல்களை ஒட்டி, தலைவர்களின் பெயர்கள் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பிறகு நிலையங்களுக்குத் தலைவர்கள் பெயர் சூட்டும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது. கோயம்பேடு நிலையத்துக்கு 2018இல் ஜெயலலிதாவின் பெயர். கிளாம்பாக்கத்துக்குக் கலைஞர் நூற்றாண்டுப் பெயர். மக்களோ இன்றும் கோயம்பேடு என்றும் கிளாம்பாக்கம் என்றும்தான் சொல்கிறார்கள்.

பிராட்வே நிரம்பி வழிந்ததால், கோயம்பேட்டில் புதிய நிலையம் எழுந்தது. ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து மொத்த வியாபாரத்தையும் பேருந்துகளையும் மேற்கே நகர்த்துவது என்பது 1970களிலேயே போட்ட திட்டம். அதற்காகக் கையகப்படுத்தப்பட்ட விவசாய நிலத்தில் முதலில் 1996இல் 295 ஏக்கரில் காய்கறி, பழம், பூ மார்க்கெட் வந்தது. 1999இல் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டிய பேருந்து நிலையத்தை 2002 நவம்பர் 18ஆம் தேதி முதல்வர் ஜெயலலிதா திறந்தார். ஏறக்குறைய 103 கோடி ரூபாய் செலவு. நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேருந்துகளையும் இரண்டு லட்சம் பயணிகளையும் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். ஆசியாவின் பெரிய நிலையங்களில் ஒன்று என்று பெருமை பேசப்பட்டது. 2015 ஜூன் 29ஆம் தேதி சென்னையின் முதல் மெட்ரோ ரயில் ஓடியதும் இதே கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில்தான்.

அந்த நிலையம் மக்களுக்கு என்னவாக இருந்தது என்று அறிய வேண்டுமானால் 2020 மார்ச் 23ஆம் தேதி மாலையை நினைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் மாலை ஆறு மணியோடு எல்லாம் அடைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததும், கட்டடத் தொழிலாளிகளும் ஓட்டல் பணியாளர்களும் படிக்க வந்த பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக அங்கேதான் ஓடினார்கள். நோய்க்குப் பயந்து ஓடியதைவிட, வாடகையும் சோறும் இல்லாமல் மாட்டிக்கொள்வோமே என்று பயந்து ஓடியதுதான் அதிகம். ஊருக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையை ஒரு மாநகரம் தன் கூலிகளுக்குக் கொடுத்த இடம் அது.

டிராம் ஷெட்டும் பேருந்து நிலையமும்

வண்டி ஓடாமல் நின்ற இடம் என்னவாகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. கம்பெனி கடனில் மூழ்கி, 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. வேப்பேரியில் அந்தக் கம்பெனியின் டிராம் ஷெட் இருந்த நிலத்தைப் பெரியார் வாங்கினார். இன்றைய பெரியார் திடல் அதுதான். கூட்ட அரங்கம், நூலகம், அச்சகம், பத்திரிகை அலுவலகம் என்று அந்த இடம் மக்கள் வந்து போகிற இடமாகவே தொடர்ந்தது. 1973 டிசம்பரில் பெரியார் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். அதே காலத்தில் ஏலத்துக்குப் போன எத்தனையோ நிலங்களின் மேல் இன்று சுவர்கள்தான் நிற்கின்றன. ஒரு ஷெட் திடலானதற்குக் காரணம், வாங்கியவருக்கு அந்த நிலத்தைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்ததுதான்.

கோயம்பேடு விஷயத்தில் அந்தத் தெளிவு இல்லை. காலி செய்வது முடிவாகிவிட்டது. காலி செய்த பிறகு என்ன என்பது முடிவாகவில்லை. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் நிலையத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 88 ஏக்கருக்கு மேல் பரப்பு. சுமார் 394 கோடி ரூபாய் செலவு. தென் மாவட்டங்களுக்குப் போகும் விரைவுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் உடனே அங்கே போயின. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மற்ற தென் திசைப் பேருந்துகள் 2024 ஜனவரி 30 முதல் போயின. நிலையம் பெரியது, சுத்தமானது, பார்க்க அழகானது. போய்ச் சேருவதுதான் பாடு. கோயம்பேட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விமான நிலையத்திலிருந்து அங்கே போக 15.46 கிலோமீட்டர் மெட்ரோ பாதைத் திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே நிலையம் திறந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் திருச்சிக்குப் பஸ் இல்லாமல் பயணிகள் குழந்தைகளோடு சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள்.

ஆம்னி பேருந்து உரிமையாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கோயம்பேட்டில் உள்ள தங்கள் பணிமனைகளிலிருந்து பயணிகளை ஏற்றிச்செல்ல அவர்களுக்கு இடைக்கால அனுமதியும் கிடைத்தது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவர்களின் பேருந்துகள் நகரத்துக்குள் நின்றன. அரசுப் பேருந்தில் போகிறவர் அதிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்து, ஒருவேளை அன்றைய கூலியில் பாதியை இழந்திருப்பார். இந்த ஏற்றத்தாழ்வு என்னை உறுத்துகிறது.

கோயம்பேட்டில் டீக்கடை, பழக்கடை, லாக்கர் அறை, புத்தகக் கடை வைத்திருந்தவர்களின் வியாபாரம் சரிந்தது. ஒரு நிலையத்தை இடம் மாற்றுகிறவர்கள் பேருந்துகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இடம் மாறும் திட்டம் யாரிடமும் இருப்பதில்லை.

மாடி கட்டியவர்களின் கதை

பேருந்து நிலத்தின் மேல் கடையும் அலுவலகமும் கட்டி, அந்த வாடகையில் பேருந்தை ஓட்டலாம் என்பது இந்தியா முழுக்கப் போக்குவரத்துக் கழகங்களைக் கவர்ந்த யோசனை. யோசனையில் தப்பு இல்லை. நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

கோழிக்கோடு மாவூர் ரோட்டில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பழைய நிலையத்தை இடித்துவிட்டு, சுமார் 75 கோடி ரூபாயில் பல மாடி வணிக வளாகத்தோடு புதிய நிலையம் கட்டி 2015இல் திறந்தார்கள். வளாகம் ஆண்டுக்கணக்கில் குத்தகைக்குப் போகாமல் கிடந்தது. ஒருவழியாக 2021இல் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த கையோடு, கட்டடம் பலமாக இல்லை, பேருந்துகளை வெளியேற்றுங்கள் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், இரண்டு தூண்களுக்கு நடுவே நிறுத்திய சொகுசுப் பேருந்து ஒன்று முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் சிக்கிக்கொண்டது. பேருந்து நிலையத்தில் பேருந்து நுழைய இடம் இல்லை. மாடிக்காகத் தூண் போட்டார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவில் எது நிற்கப் போகிறது என்பதைக் கடைசியில் யோசித்தார்கள்.

பெங்களூருவில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சாந்திநகர், ஜெயநகர் போன்ற இடங்களில் மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டப் பணத்தில் பேருந்து நிலையமும் வாகன நிறுத்தமும் கடைகளும் சேர்ந்த வளாகங்களைக் கட்டியது. அவற்றில் பல மாடிகள் நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்தன. மும்பையில் பெஸ்ட் நிறுவனம் தன் டிப்போ நிலங்களில் சிலவற்றைக் கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுத்தது; வரவேண்டிய பாக்கிக்காக வழக்காட வேண்டி வந்தது. இந்தப் பக்கம் பெஸ்ட்டின் சொந்தப் பேருந்துகளின் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்துகொண்டே போனது.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மதுரைப் பெரியார் பேருந்து நிலையம் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சுமார் 167 கோடி ரூபாயில் திருத்திக் கட்டப்பட்டு 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. பழைய நிலையத்தில் கடை வைத்திருந்தவர்கள் தங்களுக்கு முன்னுரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. வேலூர் புதிய பேருந்து நிலையம் 53 கோடி ரூபாயில் மீண்டும் கட்டப்பட்டு 2022 ஜூன் 29ஆம் தேதி திறக்கப்பட்டது. மலையிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் சி.எம்.சி.க்கும் போகிறவர்கள் கால் வைக்கும் இடம் அது. சென்னையில் வடபழனி பணிமனை நிலத்தில் வணிக மாடிகளோடு புதிய பணிமனை கட்டுவது மெட்ரோ ரயில் நிறுவனத்தின் திட்டத்தில் இருக்கிறது. பிராட்வேயிலும் குறளகத்தையும் சேர்த்து எண்ணூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பெரிய வளாகம் எழுப்புவது மாநகராட்சியின் திட்டம். அதற்காக அங்கே நிற்கும் பேருந்துகளை ராயபுரத்துக்கு நகர்த்தும் ஏற்பாடு. பாப்ஹாம் மேடாக்கிய பள்ளத்தின் ஓரத்தில் மறுபடி ஒரு அஸ்திவாரம்.

இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எட்டுப் போக்குவரத்துக் கழகங்கள், ஏறக்குறைய இருபதாயிரம் பேருந்துகள், கட்டணம் ஏற்ற முடியாத நெருக்கடி, ஓய்வுபெற்றவர்களுக்குப் பாக்கி. இந்த நிலையில் நிலத்திலிருந்து வருமானம் எடுப்பது அவசியமாகக்கூட இருக்கலாம். ஆனால் வடபழனிக்கும் கோயம்பேட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வடபழனி டிப்போ போக்குவரத்துக் கழகத்தின் சொத்து. அங்கே வரும் வாடகை பேருந்துக்கே திரும்பும் வாய்ப்பு இருக்கிறது. கோயம்பேடு நிலம் சி.எம்.டி.ஏ.வுடையது. அங்கே எழும் கட்டடத்தின் ஒவ்வொரு சதுர அடி வாடகையும் பெருநகரத்தின் கணக்கில் போய்ச் சேரும். பேருந்து ஓட்டுகிற கழகத்துக்கும், அதில் வந்து இறங்கிய பயணிக்கும் அதில் ஒரு பைசா உரிமை இல்லை. இந்த விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இதை யாரும் தொடவில்லை.

மலையில் கடைசி டிரிப்

இனி மலைக்குப் போவோம்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியது. பெரும்பான்மையோர் மலையாளி பழங்குடியினர். சாமை விளைகிறது, புளி, தேன், பலா உண்டு. மலைக்கு மேலே காவலூரில் 1960களின் கடைசியில் தொடங்கப்பட்ட வானாய்வகம் இருக்கிறது. வைணு பாப்பு பெயரிலான அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அர்ப்பணித்தார். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டுதான் வானியலாளர்களை அந்த மலைக்கு அழைத்து வந்தது. அதே இருட்டில் பிரசவ வலி எடுத்தவளும் பாம்பு கடித்தவனும் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள்.

மலைக்குப் பேருந்து இல்லாமல் இல்லை. போளூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் பக்கமிருந்து ஓடுகின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு வண்டியை ஏற்றி இறக்கும் ஓட்டுநர்களின் கைத்திறமைக்குக் கும்பிடு போட வேண்டும். பிரச்சினை, பெரிய சாலையை விட்டு உள்ளே போனால் தொடங்குகிறது. பல குக்கிராமங்களுக்குச் சாலையே கிடையாது, அல்லது பேருந்து திரும்ப இடம் இல்லாத சாலை. வண்டி பழுதானால், ஆள் குறைந்தால், கிராமத்து டிரிப்தான் முதலில் வெட்டுப்படும். இது தமிழ்நாடு முழுக்க எல்லா டிப்போக்களிலும் நடக்கிற கதை. சமவெளியில் ஒரு டிரிப் போனால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். மலையில் ஒரு டிரிப் போனால் அன்றைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

பேருந்து போகாத இடத்தில் மக்கள் கிடைத்த வண்டியில் ஏறுகிறார்கள். 2022 ஏப்ரல் 2ஆம் தேதி, திருப்பத்தூர் மாவட்டப் பக்கத்து மலையில் செம்பரை கோயிலுக்கு சாமி கும்பிடப் போனவர்களை ஏற்றிச்சென்ற சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. பதினொரு பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று மறுநாள் அதிகாரிகள் எச்சரித்தார்கள். வேறு எதில் போவது என்ற கேள்விக்கு எச்சரிக்கையில் பதில் இல்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போகும் வழியிலேயே இறந்தது. பிரேதப் பரிசோதனை முடித்துக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாமல் பாதியில் நின்றுவிட, பெற்ற தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறி நடந்தாள். அந்தப் படத்தைப் பார்த்து நாடே கலங்கியது. அதிகாரிகள் மலையேறினார்கள், சாலைக்கு உத்தரவுகள் வந்தன.

மலையில் வேலை இல்லாததால் இறங்குகிறார்கள். கட்டட வேலைக்குச் சென்னை, பனியன் கம்பெனிக்குத் திருப்பூர், காபித் தோட்டத்துக்குக் கர்நாடகம். தரகர்களின் ஆசை வார்த்தையில் சிலர் செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். தங்களோடு வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர்தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால், கூட்டத்தில் ஒருவனாகத் தெரியாமல் ஒருவர் தப்பித்தார் என்பதும் அப்போது வெளிவந்தது. பேருந்தில் எந்த இருக்கையில் உட்கார்ந்தோம் என்பது உயிரைத் தீர்மானித்த மக்கள் இவர்கள். அரசுப் பேருந்திலும் பேருந்து நிலையத்திலும் இவர்களைச் சந்தேகத்தோடு பார்க்காமல், மரியாதையோடு வரவேற்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

நல்லதும் நடந்திருக்கிறது. மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. மலைப்பகுதிகளுக்கும் அதை விரிவாக்குவதாக 2024-25 நிதிநிலை அறிக்கையில் அரசு சொன்னது. பேருந்து எட்டாத குக்கிராமங்களுக்காக 1997இல் வந்த மினி பஸ் திட்டம், புதிய வடிவில் 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஜவ்வாது மலைப் புலியூரில் வேர்கொண்ட பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, குழந்தை பெற்ற இரண்டே நாளில் சென்னை வந்து தேர்வெழுதி, 2024 பிப்ரவரியில் சிவில் நீதிபதியாகத் தேர்வானதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அவரைக் கூட்டிவரக் குடும்பத்தாரும் நண்பர்களும் கார் ஏற்பாடு செய்தார்கள். கார் ஏற்பாடு செய்ய ஆளில்லாத பிள்ளைகளும் தேர்வெழுத வேண்டும் அல்லவா?

என்ன கட்டலாம்?

கோயம்பேட்டில் பூங்கா வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் மரம் குறைவு, திறந்தவெளி குறைவு. 2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகு, நீர் உள்ளே இறங்க மண் வேண்டும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நிலத்தில் கணிசமான பங்கு மண்ணாகவே, மரத்தோடு இருக்கட்டும். ஆனால் முழுவதையும் பூங்காவாக்கினால், இரண்டு மெட்ரோ நிலையங்களை ஒட்டிய, நகரத்தின் எல்லாத் திசைக்கும் மாநகரப் பேருந்து கிடைக்கிற ஓர் இடத்தைப் பயணியிடமிருந்து எடுத்துக்கொண்டதாகிவிடும். மாநகரப் பேருந்து அங்கேயே இருக்க வேண்டும், இன்னும் கூடுதலாக. குத்தம்பாக்கத்திலும் கிளாம்பாக்கத்திலும் இறங்குகிறவரை இரவில் எந்த நேரத்திலும் நகரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் தொடர்ச் சேவைக்குக் கோயம்பேடுதான் இயல்பான மையம்.

அடுத்தது, படுக்க ஓர் இடம். வெளியூரிலிருந்து வேலை தேடியோ, மருத்துவத்துக்கோ, தேர்வுக்கோ, வழக்குக்கோ வருகிறவர் ஓரிரு இரவு தங்க, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, பூட்டு போட்ட பெட்டியும் வெந்நீரும் உள்ள மலிவு விடுதி. வேலை பார்க்கும் பெண்களுக்குத் தோழி விடுதிகளை நடத்தத் தெரிந்த அரசுக்கு இது பெரிய காரியமில்லை. அதே வளாகத்தில் தொழிலாளர் துறையின் ஓர் அலுவலகம் இருந்தால், கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு, கூலிப் புகார், சட்ட உதவி எல்லாவற்றையும் இறங்கிய இடத்திலேயே முடிக்கலாம். தரகரின் கைக்குப் போவதற்கு முன் அரசின் கைக்கு அவர் வந்துசேர அதுவே வழி.

பக்கத்திலேயே காய்கறி மார்க்கெட் இருக்கிறது. ஜவ்வாது மலைச் சாமையும் தேனும் புளியும், கல்வராயன், கொல்லி, ஏலகிரி மலைகளின் விளைச்சலும் இடைத்தரகர் இல்லாமல் விற்க, மலைவாழ் மகளிர் குழுக்களுக்கும் உழவர் நிறுவனங்களுக்கும் அங்கே நிரந்தரக் கடைகள் ஒதுக்கலாம். நிலையத்தில் ஏற்கெனவே கடை வைத்திருந்து நொடித்தவர்களுக்கு முதல் உரிமை.

இவை போக எஞ்சும் இடத்தில் வணிக மாடி கட்டினாலும் எனக்கு மறுப்பு இல்லை. ஒரே நிபந்தனை: அந்த வருமானத்தில் ஒரு பங்கு, சட்டப்படி, வேறு எந்தச் செலவுக்கும் திருப்ப முடியாதபடி, கிராமத்து, மலைத் தடங்களில் பேருந்து ஓட்டுவதற்குப் போக வேண்டும். கோயம்பேட்டு நிலத்துக்கு விலை வந்தது தானாக வரவில்லை. இருபது வருடம் இரண்டு லட்சம் பேர் தினமும் அங்கே வந்து இறங்கியதால் வந்தது. டீ குடித்தவர்கள், டிக்கெட் எடுத்தவர்கள், இரவில் தரையில் படுத்தவர்கள் சேர்த்துவைத்த மதிப்பு அது. அதில் அவர்களுக்குப் பங்கு கேட்பது தர்மம் கேட்பதாகாது.

சி.எம்.டி.ஏ.வுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். கோயம்பேடு ஆய்வறிக்கையை முழுமையாக, தமிழில் வெளியிடுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சென்னையில் மட்டும் நடத்தாமல் திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் ஜமுனாமரத்தூரிலும் நடத்துங்கள். வருமானப் பங்கைப் பேருந்துக்கு ஒதுக்கும் அரசாணையை முதலில் போடுங்கள். அந்த ஆணை வருகிற வரை, அந்த 36 ஏக்கரில் ஒரு சதுர அடிகூட யாருக்கும் குத்தகைக்குப் போகக் கூடாது.